கலமும் நிதானமும்

மனிதன் தன் இந்திரியங்களை அடக்கி நிற்பதற்கு வெளியிலிருந்து வரும் தடைகள் எவ்வளவு காரணம், அவனுடைய உள்ளத்தில் வேரூன்றிய விவேகம் எவ்வளவு காரணம் என்பது, நீதி நூல் செய்தவர்களும் தத்துவ ஞானிகளும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கும் ஒரு பிரச்னை. கடை பூட்டியிருப்பதால் குடிக்காதவனையும், கையில் காசில்லாததால் குடிக்காதவனையும், அயலார் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சத்தால் குடிக்காதவனையும் நிதானமுள்ளவர்கள் என்று நாம் சொல்லலாமா? அல்லது, பூட்டும் இன்றி, விலையும் இன்றி, பார்ப்பாரும் இன்றி இருக்கும் ஓர் இடத்தில் தன் அளவை அறிந்து கையை மடக்கிக்கொள்பவனுக்கே அந்தப் பெயர் உரியதா? ஏட்டுச் சுவடிகளோடு நின்றுவிடும் கேள்வி அன்று இது. அமெரிக்க நாட்டில் தம் வீட்டிலேயே பீர் காய்ச்சி, அதைக் குளிர வைத்து, வேண்டும்போது குழாயைத் திறந்து பிடித்துக்கொள்ளும்படியான சாதனத்தையும் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளும் குடும்பஸ்தர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி அன்றாடம் எதிரே வந்து நிற்கிறது. அந்தச் சாதனத்தின் அமைப்பை ஊன்றிக் கவனித்தால் கேள்வியின் கூர்மையும், அதற்கு விடை காணும் மார்க்கமும் ஒருங்கே புலப்படும் என்பது என் நம்பிக்கை.

இந்த உரிமை அவர்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1920-ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய மதுவிலக்கு 1933-இல் நீங்கிய பிறகு, இல்லத்தில் குடும்பத்தின் உபயோகத்துக்காகத் திராட்சை மது செய்துகொள்வதற்கு அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. பீருக்கோ அந்தச் சலுகை கிட்டவில்லை. 1978 அக்டோபர் 14-ஆம் தேதி ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின் பின்னரே அந்தக் குறை தீர்ந்தது. அப்படித் தீர்ந்த பின்னும், தனித்தனி ராஜ்யங்களின் சட்டங்கள் மாற வேண்டியிருந்தபடியால், அலபாமாவும் மிஸிஸிப்பியும் 2013-ஆம் ஆண்டில்தான் கடைசியாக வழிவிட்டன. ஒரு வீட்டில் வயது வந்தவர் ஒருவரே இருந்தால் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ இருந்தால் 200 காலன், அதுவும் விற்பனைக்கு அன்று என்பதே மத்திய அரசாங்கத்தின் வரம்பு. இருநூறு காலன் என்பது சுமார் 757 லிட்டர். நாள் ஒன்றுக்கு இரண்டு லிட்டருக்கும் சற்று மேல். வரி வசூலிப்போருக்கு வியாபாரியையும் குடும்பஸ்தனையும் பிரித்தறிவதற்கு இந்த எண் போதும். ஒரு மனிதன் எவ்வளவு அருந்துவது அவனுடைய தேகத்துக்கும் புத்திக்கும் குடும்பத்துக்கும் உகந்தது என்பதைப் பற்றி அது யாதொன்றும் சொல்லவில்லை. சட்டத்தின் எல்லைக்கும் தர்மத்தின் எல்லைக்கும் இடையே ஒரு விசாலமான வெளி இருக்கிறது. மனிதனுடைய சுதந்திரம் சஞ்சரிக்கும் இடமும், அவன் சோதிக்கப்படும் இடமும் அந்த வெளிதான்.

இனிச் சாதனத்தைப் பார்ப்போம். கெகரேட்டர் என்று வழங்கும் அது அடிப்படையில் ஒரு குளிர்பதனப் பெட்டியே. உள்ளே பீர் நிறைந்த உருக்குக் கலம் ஒன்று; அதன் அருகிலோ, பெட்டியின் பின்புறத்திலோ, கரியமிலவாயு அடைத்த உருளை ஒன்று; பெட்டியின் மேலே ஒரு சிறு தூணும் அதில் ஒரு குழாயும். கடையில் வாங்கும் கெகரேட்டர் பெரும்பாலும் மதுச்சாலைகளுக்குச் செல்லும் பெரிய கலங்களை உத்தேசித்துச் செய்யப்பட்டது. அந்தக் கலங்களுக்கு ஒரே கழுத்து. ஸாங்கி கப்ளர் என்ற பித்தளைத் தலையை அதன்மேல் வைத்துத் திருகினால், வாயு உள்ளே போவதும் பீர் வெளியே வருவதும் அந்த ஒரு வாயின் வழியாகவே நடந்துவிடும். இல்லத்தில் ஒரு தடவைக்கு ஐந்து காலன், அதாவது சுமார் 19 லிட்டர் மட்டும் காய்ச்சுபவர்களோ, மெலிந்து உயர்ந்த கார்னீலியஸ் கலத்தையே கையாளுகிறார்கள். அது மதுவுக்காகப் பிறந்த பாத்திரம் அன்று. குளிர்பானக் கம்பெனிகள் சர்க்கரைப் பாகை அடைத்து அனுப்புவதற்காக உண்டாக்கிய கலம் அது. பின்னாளில் அக்கம்பெனிகள் பெட்டிக்குள் பை வைத்து அனுப்பும் முறைக்கு மாறியபோது, பழைய கலங்கள் மலிவாய்க் கிடைக்கவே, பீர் காய்ச்சுபவர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே, வாங்கிய பெட்டியைத் தம் தேவைக்கு இசைய மாற்றியமைப்பது அவசியமாகிறது. கப்ளரைக் கழற்றிவிட்டு, கார்னீலியஸ் கலத்தின் தலையிலுள்ள இரண்டு முனைகளுக்கும் இரண்டு இணைப்புகளைப் பொருத்த வேண்டும்: வாயு செல்வதற்குச் சாம்பல் நிறத்தது, பீர் வருவதற்குக் கறுப்பு நிறத்தது. வாயு முனையின் கீழே ஒரு குட்டைக் குழலும், பீர் முனையின் கீழே கலத்தின் அடிவரை எட்டும் நீண்ட குழலும் இருக்கின்றன; மேலிருந்து வாயு அழுத்த, அடியிலிருந்து பீர் ஏறி வருகிறது. வாயு கசிகிறதா என்பதை இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கண்டுகொள்ள வேண்டும்; கசிவு இருந்தால் அங்கே குமிழி எழும். கழுவுவதிலும் அசிரத்தை கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையேனும் குழல்களைக் காரநீரால் அலம்பாவிட்டால் உள்ளே படலம் படிந்து பீரின் சுவை கெட்டுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும், முதல் கிண்ணத்தைப் பிடிக்கும்போது வெறும் நுரையே வருவது வழக்கம். அப்போது அனுபவம் இல்லாதவர்கள் உடனே ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் நுரை அடங்குவது போலத் தோன்றினாலும், சில நாட்களில் பீரில் கரைந்திருந்த வாயு வெளியேறி, பானம் ஜீவனற்றுப் போகிறது. உண்மையான பரிகாரம் வேறு. சுமார் 3 டிகிரி சென்டிகிரேடு குளிரில், சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 12 பவுண்டு அழுத்தத்தில், ஒன்றிரண்டு வாரம் இருந்து தனக்கு வேண்டிய வாயுவைத் தன்னுள் ஏற்றுக்கொண்ட பீர், அந்த அழுத்தத்திலிருந்து திடீரென்று விடுபட்டால் சிதறி நுரைக்கும்; படிப்படியாக விடுபட்டால் அமைதியாக வழியும். ஆகையால் கலத்திலிருந்து குழாய்க்குப் பீரைக் கொண்டுசெல்லப் பெட்டியோடு வரும் குட்டைக் குழலை எடுத்துவிட்டு, அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு உள்விட்டமுள்ள குறுகிய குழலைச் சுமார் 10 அடி நீளத்துக்குச் சுருட்டி வைக்கிறார்கள். அந்த நீண்ட பாதையின் உராய்விலே அழுத்தம் சிறிது சிறிதாகச் செலவாகி, குழாயின் வாயை அடையும்போது பீர் சாந்தமாகிவிடுகிறது. மேலே இருக்கும் தூண் வெதுவெதுப்பாக இருந்தாலும் நுரை மிகும் என்பதனால், பெட்டியின் குளிர்ந்த காற்றை அதற்குள் செலுத்துவதற்கு ஒரு சிறு விசிறியையும் சிலர் வைக்கிறார்கள்.

இப்படிச் சீராக அமைந்துவிட்ட ஒரு குழாய் அந்த வீட்டில் என்ன மாறுதலை உண்டாக்குகிறது? இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. புட்டியில் அடைத்த பீர் தன்னைத் தானே எண்ணிக் காட்டுகிறது. ஒன்றைத் திறப்பது ஒரு தீர்மானம். இரண்டாவதைத் திறப்பது மற்றொரு தீர்மானம். மறுநாள் காலையில் மேஜையின்மேல் நிற்கும் காலிப் புட்டிகள் பொய் சொல்வதில்லை. மதுச்சாலையிலோ ஊற்றிக் கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான், விலை இருக்கிறது, கடை சாத்தும் நேரம் இருக்கிறது. இல்லத்துக் கலத்துக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. உருக்கின் உள்ளே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பாதிக் கிண்ணம் நிரப்புவதும் முழுக் கிண்ணம் நிரப்புவதும் ஒரே அசைவுதான். விலை முன்னமே கொடுத்தாகிவிட்டது. கடைக்காரனும் குடிப்பவனும் ஒருவனே. பத்தொன்பது லிட்டர் எந்தக் கணக்கும் காட்டாமல் கரைந்துபோகலாம். வெளியில் இருந்த அளவுகோல்கள் அனைத்தையும் தன் சாமர்த்தியத்தினாலேயே ஒருவன் அகற்றிவிட்ட பிறகு, எஞ்சியிருக்கும் ஒரே அளவுகோல் அவனே. அவன் அதற்குத் தகுதியுள்ளவனா?

இந்தக் கேள்வியைப் பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ என்னும் நூலின் முதல் இரண்டு பாகங்களில் எடுத்துக்கொண்டு, வேறு எவரும் காட்டாத பொறுமையோடு ஆராய்ந்திருக்கிறார். கிரீட் தீவில் மூன்று முதியவர்கள் நடந்துகொண்டே பேசுகிறார்கள். தங்கள் நாட்டில் குடிவெறி என்பதே கிடையாது என்று ஸ்பார்ட்டாவைச் சேர்ந்தவர் பெருமை பாராட்டுகிறார். ஆதென்ஸைச் சேர்ந்தவரோ அந்தப் பெருமையை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அச்சத்துக்கு இடையே பழகாதவனுக்குத் தைரியம் எவ்வாறு உண்டாகாதோ, அவ்வாறே இன்பத்துக்கு இடையே பழகாதவனுக்கு நிதானமும் உண்டாகாது என்பது அவருடைய வாதம். அச்சத்தை எதிர்த்து நிற்க இளைஞர்களைப் பழக்கும் ஸ்பார்ட்டா, இன்பத்தை எதிர்த்து நிற்க அவர்களைப் பழக்கவே இல்லை என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். நியமத்தோடு நடத்தப்படும் மது விருந்து, மனிதனுடைய ஸ்வபாவத்தை அதிகச் செலவும் அபாயமும் இன்றிச் சோதிக்கும் ஒரு பரீட்சை என்றுகூட அவர் சொல்லுகிறார்.

ஆனால் அவர் விதிக்கும் நிபந்தனைகளை விட்டுவிட்டு இந்த வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயம் ஆகாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மது அறவே கூடாது. முப்பது வரை அளவாக மட்டும். அந்த விருந்துக்குத் தலைமை தாங்குபவர் தாம் மதுவருந்தாமல், தெளிந்த புத்தியோடு இருந்து ஒழுங்கைக் காக்க வேண்டும். இந்த நியமங்கள் இல்லாமல் வெறும் விளையாட்டாக, வேண்டியவர் வேண்டியபோது வேண்டியவரோடு குடிப்பதானால், போர்க்களத்தில் இருப்போர் மதுவைத் தொடலாகாது என்ற கார்த்தேஜ் நாட்டுச் சட்டத்தையே தாம் ஆதரிப்பதாகவும், அதற்கு மேலும் சென்று, பதவியில் இருக்கும் அதிகாரிகளுக்கும், மாலுமிகளுக்கும், நீதி வழங்குவோருக்கும் கடமை வேளையில் அதை விலக்குவதாகவும் அவர் முடிக்கிறார். தலைமை தாங்கும் தெளிந்த மனிதர் ஒருவர் இல்லாத பரீட்சையைப் பிளேட்டோ பரீட்சை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. இல்லத்துக் கெகரேட்டரோ அத்தகைய தலைவர் இல்லாத விருந்து. அல்லது, பரீட்சை எழுதுபவனே பரீட்சை அதிகாரியாகவும் அமர்ந்திருக்கும் விருந்து.

இங்கேதான் மறுதரப்பின் வாதம் முழு வலிமையோடு எழுகிறது. தமிழ் வாசகர்கள் அதைச் சிறு வயது முதலே அறிந்தவர்கள். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். அதில் அளவோடு உண்ணலாம் என்று ஒரு குறளிலும் சொல்லவில்லை. பௌத்த சமயத்தின் பஞ்ச சீலத்தில் ஐந்தாவது, மயக்கம் தரும் பானங்களை விலக்குவது. இஸ்லாமும் மதுவை முற்றிலும் விலக்கியிருக்கிறது. இத்தனை பெரியோர்களும் சமயங்களும் ஒருமுகமாய்ச் சொல்வதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. மற்ற இன்பங்களில் மனிதன் மிதமிஞ்சும்போது, அவன் மிஞ்சிவிட்டான் என்பதை அறியும் புத்தி அவனிடம் பழுதின்றி இருக்கிறது. மதுவோ அந்தப் புத்தியையே முதலில் தாக்குகிறது. போதும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நியாயாதிபதி, தீர்ப்புச் சொல்லும் நேரம் வருமுன்பே மயங்கிவிடுகிறார். ஆதலால், எனக்கு என் அளவு தெரியும் என்று முதல் கிண்ணத்துக்கு முன் சொல்பவன் உண்மையே சொன்னாலும், அந்த உண்மை மூன்றாவது கிண்ணத்துக்குப் பின் அவனுக்கு உதவாமல் போகலாம். இந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. மறுக்க முடியும் என்றும் எண்ணவில்லை. மதுவைத் தொடாதிருப்பவர் இதில் எவருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை; அவருடைய வழியே நிச்சயமான வழி.

ஆயினும், இந்த வாதமே இன்னொரு உண்மையையும் நமக்குக் காட்டுகிறது. அளவைத் தீர்மானிக்கும் புத்தி அருந்தும் வேளையில் நம்பத்தக்கது அன்று என்றால், அருந்துவது என்று முடிவு செய்பவன் தன் அளவை அருந்தாத வேளையிலேயே தீர்மானித்துவிட வேண்டும். தீர்மானிப்பதோடு நிற்காமல், அதை வெளியே, வஸ்துக்களின் அமைப்பிலேயே, பதித்துவிடவும் வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் தம் மடத்துக்கு எழுதிய நியமங்கள் இந்த ஞானத்துக்குச் சிறந்த உதாரணம். துறவிகளுக்கு மது ஏற்றதன்று என்ற கொள்கையை அவர் அறிவார்; தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கச் செய்வது இயலாது என்பதையும் அறிவார். ஆகவே நாற்பதாவது அத்தியாயத்தில் ஒரு நாளைக்கு ஒரு ஹெமினா என்ற சிறு அளவைக் குறித்துவிட்டு, முற்றும் விலக்கி நிற்கும் வல்லமை பெற்றவர்களுக்கு அதற்குரிய பலன் தனியே உண்டு என்றும் சேர்த்துக்கொள்கிறார். அளக்கும் பொறுப்பை அருந்துபவனிடம் விடாமல், பண்டகசாலைப் பொறுப்பாளரிடம் அவர் ஒப்படைக்கிறார்; அந்தப் பொறுப்பாளர் மடத்தின் பாத்திரங்களையெல்லாம் ஆலய பீடத்துப் பாத்திரங்களாகவே மதிக்க வேண்டும் என்று முப்பத்தொன்றாவது அத்தியாயம் விதிக்கிறது. பெல்ஜியத்தில் வெஸ்ட்மாலே, ஓர்வால், ஷிமே முதலிய மடங்களில் பீர் காய்ச்சும் தொழில் இந்த நியமத்தின் நிழலிலேயே வளர்ந்தது. வெளியுலகுக்கு வலிய பீரைச் செய்யும் அந்தத் துறவிகள், தம் சொந்தப் பந்திக்கு வலிமை குறைந்த ஒன்றைத் தனியே காய்ச்சிக்கொள்வது வழக்கம். செய்யும் திறமை வேறு, தனக்கு வேண்டிய அளவு வேறு என்பதை அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள்.

இல்லத்தில் குழாய் அமைப்பவர் இந்த இரண்டு பொறுப்புகளையும், துறவியின் பொறுப்பையும் பண்டகசாலைக்காரரின் பொறுப்பையும், தாம் ஒருவரே ஏற்கிறார். ஆகையால் அவர் செய்யும் மாற்றியமைப்பு, கப்ளரைக் கழற்றுவதோடும் குழலை நீட்டுவதோடும் முடிந்துவிட முடியாது. ஐந்து காலன் கலத்துக்குப் பதிலாக அதில் பாதி கொள்ளும் சிறு கலம் கிடைக்கிறது, அதை வைக்கலாம். குழாயின் வாயைப் பூட்டும் பூட்டுக் கிடைக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைப் பொருத்தாமல் இருப்பது குற்றம் என்றே சொல்வேன், சாவியை மனைவியிடமோ கணவரிடமோ கொடுத்துவைப்பதில் எவருக்கும் இழிவு இல்லை. மால்ட்டைக் குறைத்து நூற்றுக்கு மூன்றோ நான்கோ பங்கு மட்டும் சாராயச் சத்துள்ள பீரைக் காய்ச்சலாம். அதில் சுவை நிறையச் செய்வது வலிய பீர் காய்ச்சுவதைக் காட்டிலும் கடினமான வித்தை. ஊற்றும் கிண்ணத்தைச் சிறியதாக்கி, ஒவ்வொரு கிண்ணத்தையும் பெட்டியின் மேல் வைத்த ஏட்டில் குறித்துவரலாம். தனியே இருக்கும்போது திறப்பதில்லை என்று ஒரு விரதம் கொள்ளலாம். நுரைக்கும் பீருக்கு அழுத்தத்தைக் குறைப்பதால் பயன் இல்லை, பாதையை நீட்டுவதே பயன் தரும் என்று கண்டோம் அல்லவா? ஆசையின் விஷயமும் அப்படித்தான்; அது இல்லாததுபோல் பாவனை செய்தால் வாழ்க்கை சாரமற்றுப்போகிறது, அதற்கும் செயலுக்கும் இடையே போதிய நீளமுள்ள நியமப் பாதையை அமைத்தால் அது சாந்தமாகி வந்து சேர்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கைத்தொழிலின் பெருமை மனிதனை உயர்த்தும். அவனை ஏமாற்றவும் செய்யும். வாற்கோதுமையை ஊறவைத்து, வடிகட்டிய சாற்றை ஹாப்ஸ் இட்டுக் காய்ச்சி, ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் அப்பழுக்கின்றிக் கழுவி வைப்பவனிடம் பொறுமையும் சுத்தமும் சிரத்தையும் வளர்கின்றன என்பதில் சந்தேகம் இல்லை. அவன் செய்ததைச் சட்டப்படி விற்க முடியாது என்பதனால், அவன் உழைப்பு லாபத்தை நோக்காமல் நண்பரின் மகிழ்ச்சியையே நோக்குகிறது. அதுவும் ஒரு நற்பேறு. ஆனால் தான் அருந்துவதையெல்லாம் சோதித்துப் பார்க்கிறேன் என்றும், குறை கண்டுபிடிக்கிறேன் என்றும், கலத்தைக் காலி செய்தால்தானே அடுத்ததைக் காய்ச்ச முடியும் என்றும் அவன் தன் மனத்துக்குத் தானே சமாதானம் சொல்லத் தொடங்கிவிட்டால், கலை குடிக்குத் தூது போகத் தொடங்கிவிட்டது என்று அறியவேண்டும். பெனடிக்ட் முனிவர் கைத்தொழில் வல்ல துறவிகளைப் பற்றி எழுதும்போது, தன் திறமையால் கர்வம் கொண்டவனை அந்தத் தொழிலிலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்று கடுமையாக விதித்ததன் கருத்து இதுவே.

அரிஸ்டாட்டில் இரண்டு வகை மனிதரை வேறுபடுத்திக் காட்டினார்: மிதமிஞ்சிய ஆசை எழுந்தும் அதனோடு போராடி வெல்பவன் ஒருவன், அத்தகைய ஆசையே எழாதவாறு பழக்கத்தால் பண்பட்டவன் மற்றொருவன். இரண்டாமவனே நிதானத்தின் பூரணத்தை அடைந்தவன் என்பது அவர் முடிவு. நம்மில் பெரும்பாலோர் முதல் வகையிலேயே இருக்கிறோம். சிலர் அதற்கும் கீழே இருக்கிறோம். ஆகவே தம்மை இரண்டாம் வகையினர் என்று கற்பனை செய்துகொண்டு வீட்டில் குழாய் வைப்பது அறிவுடைமை ஆகாது. முதல் வகையில் இருப்பவர், நியமங்களை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு, அவற்றைத் தம் இல்லத்தாருக்கும் அறிவித்துவிட்டு, அந்தச் சாதனத்தை வைத்துக்கொள்ளலாம். அவருக்கு அது பிளேட்டோ சொன்ன பரீட்சையாகவும், நண்பரை உபசரிக்கும் நல்ல ஏற்பாடாகவும் அமையக்கூடும்.

அந்தப் பரீட்சையில் தாம் தோற்றுவருவதாக ஒருவருக்குத் தோன்றினால், அவர் தயங்க வேண்டியதில்லை. ஒரு வாரம் குழாயைத் திறவாமல் இருந்து பார்க்கட்டும். அந்த ஒரு வாரம் எளிதாகக் கழியவில்லை என்றால், பீர்க் கலத்தை உடனே வெளியேற்றிவிடட்டும். கை நடுங்கும் நிலை வந்துவிட்டிருந்தால் தனியே விட முயலாமல் வைத்தியரிடம் செல்லட்டும். பெட்டியும் வாயுவும் குழலும் வீணாகிவிடா. கார்னீலியஸ் கலம் பிறந்ததே குளிர்பானத்துக்காகத்தான். சுத்தமான தண்ணீரை நிரப்பி, அதே கரியமிலவாயுவைச் சற்று அதிக அழுத்தத்தில் செலுத்தினால், அதே குழாயில் நல்ல சோடா வரும், குழந்தைகளும் குடிக்கலாம்.